நோர்வேயில் எங்களுக்கு ஒருவரும் இல்லை

1

எனக்குச் சம்பந்தி ஆகப்போகிற மனிதர் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் எச்சில் துப்பித் தபாலில் அனுப்பியிருந்தார். சில கிழமைகளில் மரபணுச் சோதனையின் பதில் வந்தது. அவர் எட்டில் ஒரு பங்கு நோர்வேக்காரராம். மிச்சத்தில் பெரும்பகுதி ஐரிஷ்காரராம். அதைப் படித்தபோது தனக்குக் கண்ணீர் வந்துவிட்டது என்று அவரே என்னிடம் சொன்னார்.

நான் முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். எச்சில், சளி, மூத்திரம் பட்ட துணிகளை நாள் முழுக்கக் கையாளுகிறவள். எச்சிலுக்கு இப்படி ஒரு மதிப்பு இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே நியூசிலாந்தில் வெள்ளைக்காரர்களுக்கு வயது போனதும் வருகிற வியாதி இது. ஓய்வு பெறுவார்கள், கொஞ்ச நாள் புல் வெட்டுவார்கள், பிறகு பூட்டனைத் தேடத் தொடங்குவார்கள். எங்கள் இல்லத்தில் ஒரு கிழவி இருக்கிறார். மதியம் என்ன சாப்பிட்டார் என்பது நினைவில் இல்லை. ஆனால் ஸ்கொட்லாந்தில் செத்துப்போன பூட்டியின் பெயரையும் ஊரையும் ஒரு பிழையில்லாமல் சொல்வார். பிள்ளைகள் அவரைப் பார்க்க வருவதில்லை. பூட்டி வராததற்காவது ஒரு காரணம் இருக்கிறது.

சம்பந்தியின் பெயர் கெவின். குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் லீயமைத்தான் என் மகள் ஆரணி கட்டப்போகிறாள். இரண்டு பேரும் ஆக்லாந்து நகர மையத்தில் ஒரு அப்பார்ட்மென்டில் குடியிருக்கிறார்கள். ஓம், கல்யாணத்துக்கு முன்னரேதான். அதைப் பற்றி எனக்கு யாரும் எழுத வேண்டாம்.

ஒரு சனிக்கிழமை கெவின் கிளென் ஈடனில் உள்ள என் வீட்டுக்கு ஒரு நீளமான காகிதச் சுருளோடு வந்தார். சாப்பாட்டு மேசையில் இருந்த பாத்திரங்களைத் தானே ஒதுக்கிவிட்டு அதை விரித்தார். மேலே நோர்வே, அயர்லாந்து. நடுவில் நியூசிலாந்து. கீழே கோடு கோடாகப் பிரிந்து கனடா, அவுஸ்திரேலியா, அமெரிக்கா என்று சிதறிப்போன ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட சொந்தங்கள். அடியில் லீயமின் பெயர். அதன் பக்கத்தில் ஆரணியின் பெயர். அவளுக்கு மேலே ஒன்றும் இல்லை. வெள்ளைக் காகிதம்.

உங்கள் பக்கம் காலியாக இருக்கிறது, கல்யாண மண்டப வாசலில் இதை வைக்கப்போகிறேன், நிரப்பித் தரவேண்டும் என்றார். வானத்தில் இருந்து விழுந்தவள்போல் என் பிள்ளையை எழுதி வைத்திருப்பதைப் பார்க்க எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது.

2

நோர்வேக்காரரின் பெயர் முறையை எனக்கு விளக்குவதற்காக கெவின் தேத்தண்ணீரை ஆறவிட்டார். அந்தக் காலத்தில் அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாதாம். அண்டர்ஸின் மகன் ஒலே என்றால் ஒலே அண்டர்சன். ஒலேயின் மகனுக்கு ஒலேயின் பெயர் பின்னால் வரும். தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகும். இது தெரியாமல் பல வருடங்கள் வேறு யாரோ குடும்பத்தைத் தன் குடும்பம் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருந்தாராம். உலகத்தில் வேறு எங்கும் இல்லாத விசித்திரம் என்றார்.

என் பெயருக்குப் பின்னால் என் புருஷனின் பெயர். அவருடைய பெயருக்கு முன்னால் அவருடைய தகப்பனின் பெயர். மகளுக்குத் தகப்பனின் பெயர். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஒரே வீட்டில் இருக்கிற மூன்று பேரும் ஒரே குடும்பம் என்று நிரூபிக்க நான் ஏறி இறங்கிய கந்தோர்களுக்குக் கணக்கில்லை. கவுண்டரில் இருந்த ஒரு பெண், இந்தப் பிள்ளைக்கு இவர்தான் தகப்பனா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். எனக்கு அப்போது இங்கிலீஷ் போதாது. நல்ல பதில் ஒன்று தமிழில் தயாராக இருந்தது. என் புருஷன் கையைப் பிடித்து அழுத்தியதால் சொல்லவில்லை. அந்த மனுஷன் இப்போது இல்லை. எங்கள் பெயர்கள் இன்னும் அந்தக் கணினிகளில் பிழையாகத்தான் இருக்கின்றன.

அதைக் கெவினிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுத் தன் பூட்டன் ஒலேயிடம் திரும்பிப் போனார்.

ஒலே கப்பலால் இறங்கியபோது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்களாம். ஹௌகன் என்றாராம். அது அவர் இருந்த பண்ணையின் பெயர். பண்ணை அவருடையதா என்று கேட்டேன். இல்லை. பண்ணை வேறு ஒருவருடையது. அதன் ஓரத்துச் சரிவில் ஒரு குடிசை போட்டுக்கொள்ள விடுவார்கள். அதற்குப் பதிலாகப் பண்ணைக்காரருக்கு உழைத்துக் கொடுக்க வேண்டும். சொந்தமாக ஒரு பிடி மண் இல்லை. அந்த ஆளின் ஐரிஷ் மனைவி பிரிஜிட் அதைவிடப் பாவம். தாய் தகப்பன் இல்லாத பெண். வீட்டு வேலைக்கென்று கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவர்.

கெவின் இதை ராசபரம்பரை மாதிரிப் பெருமையாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு என் அண்ணை நினைவுக்கு வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

3

அண்ணை ஆக்லாந்தின் பணக்காரப் பகுதியான எப்சத்தில் இருக்கிறார். கணக்காளர். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக அந்தப் பகுதியில் வீடு வாங்கி, பிள்ளைகள் படித்து முடித்து வேறு நாடுகளுக்குப் போனபிறகும் அந்த வீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறார். இலங்கையில் சண்டை நடந்த நேரத்தில் எங்களை இங்கே எடுத்தவர் அவர்தான். அதை நான் மறக்கவில்லை. மறந்தாலும் அவர் விடமாட்டார்.

லீயம் பற்றி நான் சொன்ன அன்று அவர் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி இது:

“அவை என்ன ஆக்கள்?”

“வெள்ளைக்காரர்” என்றேன்.

“அது தெரியும். அதுக்குள்ள என்ன ஆக்கள்?”

நான் பொய் சொல்லவில்லை. பகிடியும் இல்லை. ஆக்லாந்தில், படித்து, வரி கட்டி, கோயில் நிர்வாகத்தில் இருந்து, வெள்ளைக்காரனோடு கோல்ஃப் விளையாடுகிற ஒரு மனிதர், வெள்ளைக்கார மாப்பிள்ளையின் சாதி என்ன என்று விசாரித்தார். வெள்ளைக்காரன் என்றால் அவருக்குப் பிரச்சினை இல்லை. கனடாவில் உள்ள சொந்தங்களுக்குச் சொல்ல அது ஒரு பெருமையும்கூட. ஆனால் வெள்ளைக்குள் எது என்று தெரியவேண்டும்.

நான் கெவின் சொன்னதைச் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் இதையெல்லாம் ஆராய்ச்சி செய்து வைத்திருக்கிறார், ஒருநாள் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். தன் காதால் கேட்கட்டும் என்று விட்டேன்.

அண்ணை இதில் ஏன் முக்கியம் என்றும் சொல்லவேண்டும். ஆரணிக்கு எங்கள் முறையிலும் தாலி கட்ட வேண்டும் என்று ஆசை. தாரைவார்த்துக் கொடுக்கக் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் மணவறையில் இருக்கவேண்டும் என்றார் ஐயர். ஆரணிக்கு அது பிடிக்கவில்லை. நீங்கள் தனியே நின்று கொடுத்தால் என்ன அம்மா என்று இங்கிலீஷில் கத்தினாள். அவள் கத்தியது சரி. ஆனால் இந்த வயதில் ஒரு சண்டைக்குத்தான் எனக்குப் பலம் இருந்தது. அதை ஐயரோடு செலவழிக்க நான் விரும்பவில்லை. அண்ணையும் அண்ணியும் இருப்பார்கள் என்று முடிவாயிற்று.

இனி அக்கா. அண்ணைக்கு அடுத்தவர், எனக்கு மூத்தவர். எண்பதுகளின் நடுவில் தேவராசா என்கிறவரைக் கட்டினார். ஒரே ரியூட்டரியில் படித்தவர்கள். அத்தானின் தகப்பன் பனையேறிக் கள் இறக்கினவர். கட்டிவிட்டதாக அக்காவின் கடிதம் வந்த அன்று எங்கள் அப்பா கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகினார். செத்தவருக்குச் செய்வதுபோல. அம்மா சமைத்தார், நாங்கள் சாப்பிட்டோம். அவ்வளவுதான். அன்றோடு அக்கா அந்த வீட்டில் பிறக்கவில்லை. கொழும்பில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு இரண்டு பேரும் நோர்வேக்குப் போனார்கள். வடக்கே கடலோரத்தில் மீன் வெட்டுகிற தொழிற்சாலையில் அக்கா கை விறைக்க விறைக்க வேலை செய்தார். பிள்ளை பெற்றார். வீடு கட்டினார். அப்பா செத்தபோதும் அம்மா செத்தபோதும் அவருக்கு அண்ணை அறிவிக்கவில்லை. நான் அறிவித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அவரோடு கதைக்கிறது அண்ணைக்குத் தெரியும். அவர் அதைப்பற்றி ஒருநாளும் ஒரு சொல் கேட்டதில்லை. அண்ணையின் வீட்டு அலுமாரியில் எங்கள் குடும்பப் படம் ஒன்று இருக்கிறது. அதில் அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் ஒரு கை மட்டும் தெரியும். கைக்குச் சொந்தக்காரியை வெட்டியவர்கள் கையை வெட்ட மறந்துவிட்டார்கள்.

4

எப்சத்தில் அண்ணை வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு விருந்து. அண்ணி சமையலில் குறை சொல்ல முடியாது. கெவின் நண்டுக் கறியைக் கண்ணில் நீர்வழியச் சாப்பிட்டுவிட்டுச் சுருளை விரித்தார். அவருடைய மனைவி ஒரு பெருமூச்சு விட்டார். அந்தச் சுருளை எத்தனை மேசைகளில் பார்த்திருப்பாரோ.

அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்கத் தொடங்கினார். அந்தப் பண்ணை எவ்வளவு பெரிது? யாருடைய பெயரில் இருந்தது? கோயிலில், அதாவது அவர்களின் சேர்ச்சில், ஒலேயின் ஆட்கள் முன்னுக்கு இருந்தார்களா, பின்னுக்கு இருந்தார்களா? பண்ணைக்காரரின் வீட்டுக்குள் போய்ச் சாப்பிடுவார்களா, வெளியே வைத்துக் கொடுப்பார்களா? பெண் எடுப்பது யாரிடம்?

கெவின் பூரித்துப்போனார். தன் சொந்தப் பிள்ளைகள்கூட இப்படி அக்கறையாகக் கேட்டதில்லை, உங்கள் கேள்விகள் எல்லாம் வரலாற்றுப் பேராசிரியர் கேட்கிற கேள்விகள் என்றார். பாவம். தன்னைத் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. எனக்கு அருவருப்பாக இருந்தது. லீயம் என் பக்கத்தில் இருந்து பப்படம் நொறுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரியாது. ஆரணிக்குத் தெரியும். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பண்ணை ஒலேயுடையது இல்லை, அவர் அங்கே குடிசை போட்டிருந்த கூலி என்று கெவின் சொன்னதும் அண்ணையின் முகத்தில் ஒரு சின்ன வாட்டம் வந்தது. ஒரு கணம்தான். அவர் கணக்காளர் அல்லவா, எந்த நட்டத்தையும் வேறு பத்தியில் எழுதத் தெரியும். ஆனால் பெயர் பண்ணையின் பெயர்தானே என்றார். ஓம் என்றார் கெவின். அண்ணை அண்ணியைப் பார்த்து, “பண்ணைக் குடும்பம்” என்று தமிழில் சொன்னார். கனடாவுக்கு அப்படித்தான் போகும் என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. நோர்வே வெள்ளாளர்.

பிறகு கெவின் ஐரிஷ் பக்கத்துக்கு வந்தார். இதுதான் நல்ல பகிடி என்றார். ஒலே பிரிஜிட்டைக் கட்டியது ஒலேயின் தமையனுக்குப் பொறுக்கவில்லையாம். அவர்கள் வேறு திருச்சபை, இந்தப் பெண் கத்தோலிக்கம். தமையனும் ஒலேயும் ஒரே காட்டை வெட்டிப் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தவர்கள். தமையன் குடும்ப பைபிளில் ஒலேயின் பெயரை மையால் அழித்தாராம். தெருவில் ஒலே வந்தால் மற்றப் பக்கத்துக்கு மாறிப் போவாராம். சாகும்வரை கதைக்கவில்லையாம். இரண்டு பேரையும் சவக்காலையில் இந்த முனையிலும் அந்த முனையிலும் புதைத்திருக்கிறார்கள், நான் போய்ப் படம் எடுத்தேன் என்று சொல்லிக் கெவின் மேசையில் தட்டிச் சிரித்தார்.

அண்ணையும் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தக் காலத்து ஆட்கள் எவ்வளவு அறிவில்லாமல் இருந்திருக்கிறார்கள் என்றார். ஒரே கடவுள், ஒரே புத்தகம், இதற்குள் என்ன பிரிவு என்றார்.

நான் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்று உறைத்தது. இதில் சம்பந்தப்பட்ட எல்லோரும் செத்துப்போனதால்தான் இது பகிடி. அந்தப் பிரிஜிட் உயிரோடு இருந்து, அந்தத் தமையன் தெருவைக் கடந்து போவதை யன்னலால் பார்த்தபோது இது பகிடியாக இருந்திருக்காது. எங்கள் அக்காவும் செத்து, அண்ணையும் செத்து, நானும் செத்தால், ஆரணியின் பேரப்பிள்ளை ஒன்று இப்படி மேசையில் தட்டிச் சிரிக்கும்.

அந்த நேரம் பார்த்துக் கெவின் கேட்டார். அந்தப் பண்ணையை நேரில் பார்க்க ஆசை, ஆனால் இந்த முதுகோடு அவ்வளவு தூரம் விமானத்தில் இருக்க முடியாது, உங்கள் ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களே, நோர்வேயில் யாராவது உண்டா?

“நோர்வேயில் எங்களுக்கு ஒருவரும் இல்லை” என்று அண்ணை சுத்தமான இங்கிலீஷில் சொன்னார்.

அவர் இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் வழக்கம்போல விழுங்கியிருப்பேன். ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் அவருடைய முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“இருக்கிறா” என்று நான் தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு இங்கிலீஷில் கெவினிடம் சொன்னேன். எங்களுக்கு ஒரு அக்கா இருக்கிறார். இவருக்கும் எனக்கும் இடையில் பிறந்தவர். முப்பது வருடத்துக்கு மேலாக நோர்வேயில் இருக்கிறார். அவருடைய பிள்ளைகள் நோர்வேக்காரர்.

கெவின் உடனே பென்சிலை எடுத்தார். பெயர் என்ன என்றார். சரோஜினி என்றேன். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அண்ணை கையை நீட்டி, அதை எழுத வேண்டாம் என்றார். கெவினுக்கு விளங்கவில்லை. பென்சில்தானே என்றார்.

ஏன் வேண்டாம் என்று கெவினின் மனைவி கேட்டார். அன்று முழுக்க அவர் கேட்ட ஒரே கேள்வி அது. நான் சொன்னேன். அக்கா கட்டின மனிதரின் தகப்பன் மரமேறினவர், அதனால் வேண்டாம். மேசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. கெவின் என்னைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், தன் காகிதத்தைப் பார்த்தார். பிறகு அண்ணி எழும்பி, யாருக்குப் பாயசம் வேண்டும் என்று கேட்டார்.

5

பாயசம் எடுக்கப் போன குசினியில் அண்ணை என்னைப் பிடித்தார். குரலை உயர்த்தவில்லை. அவர் ஒருநாளும் உயர்த்துவதில்லை.

“வெள்ளைக்காரனுக்கு முன்னால எங்கட மானத்தை வித்துப்போட்டாய்.”

“அக்காவைக் கல்யாணத்துக்குக் கூப்பிடப்போறன்” என்றேன். அதுவரை நான் அதை முடிவு செய்திருக்கவில்லை. வாய் முடிவு செய்துவிட்டது.

“அவள் வந்தால் நான் மணவறையில இருக்கமாட்டன்.”

“இருக்க வேண்டாம் அண்ணை.”

“உன்னை இந்த நாட்டுக்கு எடுத்தது ஆர்?”

“நீங்கள்தான். அதுக்காக நான் குருடியா இருக்கேலாது.”

அவர் பாயசக் கிண்ணங்களைத் தட்டில் அடுக்கி விருந்தினருக்குக் கொண்டுபோனார். அதுதான் அண்ணை.

ஞாயிறு காலை அக்காவுக்கு எடுத்தேன். அவருக்கு அது சனி இரவு. நடந்ததைச் சொல்லி, நீயும் அத்தானும் வந்து ஆரணியைத் தாரைவார்த்துக் கொடுக்க வேண்டும் என்றேன். அக்கா அழுவார் என்று நினைத்தேன். சொல்லப்போனால் அழவேண்டும் என்று எதிர்பார்த்தேன்.

“எனக்கு அண்ணையின்ர கதிரை வேண்டாம்” என்றார் அக்கா. “அவர் எழும்பிப் போட்டார் எண்டு என்னை இருத்தப் பாக்கிறியோ? நான் ஒருத்தருக்கும் பதில் ஆள் இல்லை. நீ சண்டை பிடிக்கிறதெண்டால் நீ பிடி, என்னைக் கல்லாத் தூக்கி எறியாதை.”

தொலைபேசியை வைத்துவிட்டார். நான் கோபத்தில் ஒரு அலுமாரி முழுக்க மடித்து வைத்த உடுப்புகளை மறுபடி மடித்தேன். வேலையிலும் துணி, வீட்டிலும் துணி. பிறகு யோசித்தால், அவர் சொன்னதில் பிழை இல்லை. அண்ணையின் முகத்தில் அடிக்க எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது உண்மை.

ஆரணிதான் இதை முடித்தாள். அவளுக்குத் தமிழ் விளங்கும், பேசுவது அரைகுறை. அக்காவின் மகனும் அப்படித்தான். சின்ன வயதில் இருந்தே இரண்டு பேரும் தங்கள் அம்மாமாரைப் பற்றி இங்கிலீஷில் முறைப்பாடு சொல்லிக் கூட்டாகிவிட்டவர்கள். எங்கள் பிள்ளைகள் எங்களை விட்டு விலகிப் போகிறார்கள் என்று நாங்கள் இங்கே ஓயாமல் ஒப்பாரி வைக்கிறோம். அவர்கள் விலகிப்போன திசையில்தான் இந்த இரண்டும் சந்தித்திருக்கின்றன. ஆரணி அவனிடம் எண் வாங்கி, பெரியம்மாவைத் தானே கூப்பிட்டாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

“பெரியம்மா, மாமா சண்டைக்கு முதலே நான் உங்களைத்தான் கேட்க நினைச்சது. அம்மாவுக்குப் பயம். சோ, நான் வெயிட் பண்ணினது.”

மறுமுனையில் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆரணி நெடுநேரம் ஓம் ஓம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு வெளியே வந்து, வருகிறார்கள் என்றாள். எனக்குப் பயம் என்று அவள் சொன்னது பற்றி அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

விசா என்று நான் பதறினேன். நாங்கள் வந்த காலத்தில் ஒரு முத்திரைக்காக நாய்மாதிரி அலைந்த நினைவு. அக்கா சிரித்தார். அவர்கள் கையில் இருப்பது நோர்வேக் கடவுச்சீட்டு. அத்தான் சோபாவில் சாய்ந்திருந்தபடி தொலைபேசியில் எதையோ தட்டினாராம், அனுமதி வந்துவிட்டதாம். குடும்பம் வெளியே தள்ளியவளுக்கு எந்த நாட்டின் கதவுக்கும் பூட்டு இல்லை. குடும்பத்துக்கு உள்ளே இருந்த நான் எல்லாக் கதவையும் தட்டித்தான் வந்தேன்.

கெவினின் பண்ணையைப் பற்றியும் கேட்டேன். நோர்வே என்ன ஒரு ஊர் என்று நினைத்தாரா, எங்கள் வீட்டில் இருந்து ஒரு முழு நாடு தாண்ட வேண்டும் என்று அக்கா பேசினார். ஆனால் விமானம் ஏறத் தெற்கே வந்தபோது மகனைக் காரோட்டச் சொல்லி அங்கே போயிருக்கிறார்கள். குடிசை இல்லை. ஒரு சரிவு, கொஞ்சம் கல், கீழே தபால் பெட்டிகள். படம் நன்றாக வருவதற்கு யாராவது நிற்கவேண்டும் என்று மகன் அத்தானை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி எடுத்தான். கெவின் அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மண்டப வாசலில் தன் சுருளுக்கு மேலே மாட்டினார். அவருடைய பூட்டன் இருந்த இடத்தில் எங்கள் அத்தான், கம்பளித் தொப்பியோடு, சிரிக்காமல்.

6

கல்யாணம் நன்றாக நடந்தது. மழை பெய்தது, ஆக்லாந்தில் பெய்யாமல் இருந்தால்தான் செய்தி. ஐயர் மாப்பிள்ளையின் கோத்திரம் என்ன என்று கேட்டார். இல்லை என்றதும் சிவகோத்திரம் என்று போட்டுவிட்டார். அவ்வளவு சுலபம். பெண் கொடுக்கிறவர்கள் யார் எவர் என்று அவர் கேட்கவே இல்லை. அவருக்கு அடுத்த கல்யாணத்துக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறையைத்தான் மந்திரத்தில் சொல்வது வழக்கம். ஒலே அதற்கும் மேலே போய்விட்டார். கெவின் கெஞ்சிக் கேட்டு ஒலேயையும் சேர்க்க வைத்தார். நோர்வேக் கூலி ஒருவரின் பெயர் சமஸ்கிருதத்தில் மைக்கில் ஒலித்தது.

அக்காவும் அத்தானும் மணவறையில் இருந்தார்கள். அக்கா ஆரணியின் கையைத் தன் கையில் வாங்கியபோது நான் கிட்ட நின்றேன். விரல்கள் எல்லாம் கோணிப்போய், கணுக்கள் வீங்கி இருந்தன. வருடக் கணக்காகத் தொலைபேசியில் கதைத்த எனக்கு இது தெரியாது. தொலைபேசியில் கை தெரியாது. அத்தான் தண்ணீர் வார்த்தார். அக்காவின் விரலிடுக்கால் அது ஒழுகி ஆரணியின் மடியில் விழுந்தது.

தாரைவார்த்து முடிந்து நிமிர்ந்தபோதுதான் அண்ணையைக் கண்டேன். அண்ணி வரவில்லை. அவர் மட்டும் கடைசி வரிசையில், சுவரோடு, கோட்டும் சூட்டுமாக இருந்தார். வாசலில் இருந்த அத்தானின் படத்தைத் தாண்டித்தான் உள்ளே வந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோசம் வரவில்லை. ஆட்கள் கதைப்பார்கள் என்று வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். தாலி கட்டியானதும் வரிசையில் வந்து ஆரணியின் தலையில் அரிசி போட்டார். அக்கா பக்கத்தில்தான் நின்றார். அண்ணை அவருக்கு மேலாகச் சுவரைப் பார்த்தார். பிறகு சாப்பாட்டுப் பக்கம் வராமல், கை நனைக்காமல், மழைக்குள் இறங்கினார். இது எங்கள் ஆட்களுக்கு விளங்குகிற பாஷை. உன் வீட்டுச் சோற்றை நான் தொடமாட்டேன் என்று சபைக்கு முன்னால் சொல்வது.

நான் கொதித்துப்போனேன். பின்னால் ஓடிப்போய் நாலு பேருக்கு முன்னால் கேட்டுவிட வேண்டும் என்று சேலையைத் தூக்கிச் செருகினேன். நாற்பது வருடமாகச் சேர்த்து வைத்த சொற்கள் எல்லாம் நாக்கில் வந்து நின்றன. அக்கா யன்னலடியில் நின்றார். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. அண்ணை கார் நிறுத்துமிடத்தின் படியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணைக்கு முழங்கால் ஏலாது போல” என்றார் அக்கா. “நீ எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை.”

நான் செருகிய சேலையை இறக்கிவிட்டேன். அண்ணை காரைக் கண்டுபிடித்து, கதவைத் திறந்து, குனிந்து ஏறும்வரை அக்கா அந்த இடத்தை விட்டு அசையவில்லை. எனக்கு அவர்கள் இரண்டு பேர் மேலேயும் எரிச்சலாக வந்தது.